தாயம் விழும்வரை மலை காத்திருக்கும்

வைகுண்ட ஏகாதசி வந்தால் ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல். வீடுகளில் பரமபத சோபன படம். இரவு கண் விழிக்க வேண்டுமே என்று தாளை விரித்து, தாயக்கட்டையை உருட்டி, பெரியவர்களும் பிள்ளைகளும் சுற்றி உட்கார்ந்து ஆடுகிற அந்தப் படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஏணிகளின் அடியில் நற்குணங்கள், பாம்புத் தலைகளில் தீக்குணங்கள், உச்சியில் வைகுண்டம். ஆடுகிற பிள்ளை அந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதில்லை. பல பெயர்களுக்கு அதற்குப் பொருளே தெரியாது. ஆனால் காய் ஏறிக்கொண்டே போய், உச்சிக்கு ஒரு கட்டம் இருக்கும்போது பெரிய பாம்பின் வாயில் விழுந்து அடிக்கட்டத்துக்கு வருகிறதே, அப்போது அடிவயிற்றில் ஒன்று சரிகிறதே, அங்கேதான் பாடம் நடக்கிறது. வினை, வீழ்ச்சி, மறுபடி முதலிலிருந்து என்று உபந்நியாசம் செய்தால் ஐந்து நிமிடத்தில் கொட்டாவி விடும் வயதில், அதே கருத்தை இரவு முழுவதும் விழித்திருந்து ஏற்றுக்கொள்கிறது பிள்ளை. காரணம், அந்தப் படத்தில் கருத்து எழுத்தில் இல்லை, காய் நகரும் விதியில் இருக்கிறது.

இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இதைத்தான்: பாறையும் ஆறும் மலையும் எப்படி உருவாகின்றன என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலகை விளையாட்டாகச் சொல்லித் தரலாம், தர வேண்டும், ஆனால் நிலவியல் அந்த விளையாட்டின் விதியில் இருக்க வேண்டும், கட்டத்தில் ஒட்டிய கேள்வியில் இருக்கக் கூடாது. கல்வி விளையாட்டு என்ற பெயரில் கடைகளில் கிடைப்பவற்றில் நிறைய, பாம்பும் ஏணியும் போட்ட அட்டைமேல் கேள்விச் சீட்டுகளை வைத்தவை. ‘உருமாறிய பாறைக்கு ஓர் எடுத்துக்காட்டு கூறு, சரியென்றால் இரண்டு கட்டம் முன்னேறு.’ இது பரீட்சைதான், பகடையோடு வருகிற பரீட்சை. பாறைக்கும் அந்த இரண்டு கட்டத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்தச் சீட்டை எடுத்துவிட்டு இலக்கணக் கேள்வி வைத்தாலும் ஆட்டம் அப்படியே நடக்கும். எந்தப் பாடத்தைப் போட்டாலும் மாறாத விளையாட்டு எந்தப் பாடத்தையும் கற்றுத் தருவதில்லை.

இது வெறும் ரசனை சார்ந்த கருத்து அல்ல; சான்று இருக்கிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஏழைக் குடும்பத்துச் சிறு பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரே வரிசையில் எண்கள் எழுதிய எளிய பலகையில் மொத்தமாக ஒரு மணி நேர அளவுக்கு ஆடிய பிள்ளைகளின் எண்ணறிவு நன்றாக வளர்ந்தது. ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. அடுத்த ஆண்டு அவர்கள் கண்டதுதான் நமக்கு முக்கியம். அதே எண்களை வட்டமாக எழுதிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண் என்பது நேர்கோட்டில் கூடிக்கொண்டே போவது. பலகையும் அப்படியே போனபோது கையும் கண்ணும் சேர்ந்து அதைக் கற்றுக்கொண்டன. பலகையின் வடிவம் பாடத்தின் வடிவத்தோடு பொருந்த வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கிற சேதி. இதே தத்துவத்தில் நீர்ச் சுழற்சிக்கு ஒரு விளையாட்டு உலகெங்கும் வகுப்பறைகளில் நடக்கிறது. பிராஜெக்ட் வெட் என்ற அமைப்பு உருவாக்கியது. பிள்ளையே ஒரு நீர்த்துளி. மேகம், ஆறு, கடல், பனிப்பாறை என்று ஒவ்வோர் இடத்திலும் தனிப் பகடை உண்டு. கடலின் பகடையில் பெரும்பாலான பக்கங்கள் ‘இங்கேயே இரு’ என்றே சொல்லும். கடலில் நீர் நெடுங்காலம் தங்கும் என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வரிசை நீண்டு, கடலில் கூட்டம் சேர்ந்துவிடுவதைப் பிள்ளைகள் தாங்களே பார்க்கிறார்கள்.

சரி, நிலவியலின் வடிவம் என்ன? நம் பாடநூலில் அது ஒரு பட்டியல். ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் ‘பாறைக்கோளம்’ இரண்டு பாடங்களாக வருகிறது: அகச்செயல்முறைகள் ஒன்று, புறச்செயல்முறைகள் ஒன்று. தீப்பாறை, படிவுப்பாறை, உருமாறிய பாறை; வானிலைச் சிதைவு, அரித்தல், படிதல். சொற்களில் குறையில்லை, படங்களும் உண்டு. ஆனால் உள்ளே ஒரு பாடம், வெளியே ஒரு பாடம் என்று பிரித்துவிட்டதால், வெளியே அரிந்த மண்தான் உள்ளே போய்ப் பாறையாகி மறுபடி வெளியே வருகிறது என்ற முழுக்கதை இரண்டு பாடங்களுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது. அந்த முழுக்கதையைச் சொல்லத் திருச்சியைவிட வசதியான ஊர் தமிழ்நாட்டில் குறைவு. நகரின் நடுவே மலைக்கோட்டை, கோடு கோடாக வரியோடிய பழைய உருமாறிய பாறை. கோட்டையின் வடக்கே காவிரி மணல், நேற்றைய பாறையின் தூள். வடகிழக்கே போனால் ஊட்டத்தூர், கல்லக்குடி, காரை, அரியலூர் என்று நீள்வது ஒரு காலத்துக் கடல். கல்லக்குடி என்றதும் 1953 ரயில் மறியல்தான் தமிழர்களுக்கு நினைவு வரும். அந்த ஊரில் சிமென்ட் ஆலை ஏன் வந்தது என்று யோசித்தவர்கள் குறைவு. பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே பவளமும் பாசியும் வளர்ந்த ஆழமற்ற வெதுவெதுப்பான கடல் இருந்தது. அதன் சுண்ணாம்புதான் இன்றைக்கு மூட்டைகளில் வருகிறது. ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற மூன்று பெயர்களும் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து உலக நிலவியல் நூல்களில் படிவுத் தொகுதிகளின் பெயர்களாக நிற்கின்றன. வேறு நாட்டு மாணவன் இந்தப் பெயர்களைப் படிக்கிறான். நம் பிள்ளை படிக்கும் எடுத்துக்காட்டுகளோ பெரும்பாலும் எங்கோ தொலைவில் இருக்கும் எரிமலையும் பள்ளத்தாக்கும்.

பட்டியலால் வருகிற நஷ்டம் இன்னொன்றும் உண்டு. மலைக்கோட்டை எப்படி வந்தது என்று கேட்டால், பூமியிலிருந்து முளைத்தது என்றோ எரிமலை கக்கியது என்றோ பதில் சொல்லத்தான் யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறு. மலைக்கோட்டை எழுந்து வரவில்லை. சுற்றியிருந்த நிலம் இறங்கிப் போனது. விரிசல் மிகுந்த பாறையெல்லாம் மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து ஆற்றோடு போக, கட்டுக்கோப்பாக இருந்த பகுதி எஞ்சி நின்றது. பொன்மலையும் அப்படியே. எஞ்சி நிற்பதுதான் குன்று என்ற இந்தக் கருத்தைச் சொல்லால் புரிய வைப்பது கடினம். கண்ணெதிரே 83 மீட்டர் உயரத்தில் நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து ‘இது உயரவில்லை’ என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்? இங்கேதான் பரமபதத்தை விட்டுவிட்டுத் தாயத்துக்கு வர வேண்டும் என்கிறேன்.

பரமபதம் நேர்வழி ஏற்றம். அதற்குத் தொடக்கம் உண்டு, உச்சி உண்டு, சேர்ந்தால் ஆட்டம் முடியும். ஆன்மாவின் கதைக்கு அது பொருந்தும். பாறையின் கதைக்குப் பொருந்தாது. பாறைக்கு வைகுண்டம் கிடையாது. தாயத்தில் அப்படியில்லை. முதலில் காத்திருக்க வேண்டும். தாயம், அதாவது ஒன்று, விழாமல் காய் இறங்காது என்ற ஒரே விதியில் நிலவியலின் பாதி அடங்கியிருக்கிறது. கட்டைகளை எடுத்துப் பாருங்கள். நான்கு பட்டை வைத்த இரண்டு நீளக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வெறுமை, மற்ற மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 16 விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதம், அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. மூன்று விழ நான்கு விதம். ஐந்துக்கு இரண்டு. இரண்டு கட்டையிலும் மூன்று விழுந்தால் ஆறு, இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு. இவற்றுக்குப் பதினாறில் ஒன்றுதான். சாதாரணப் பகடையில் ஆறு பக்கமும் சமம். தாயக்கட்டையில் எளிதாக வருவதும் அரிதாக வருவதும் இயல்பிலேயே இருக்கின்றன. இயற்கையிலும் அப்படித்தான். மணல் தினமும் நகர்கிறது, வெள்ளம் எப்போதாவது வருகிறது, கடலடி மேலே எழுவது அரிதினும் அரிது. எதை எந்த எண்ணுக்கு வைப்பது என்று தீர்மானிப்பதுதான் விளையாட்டை வடிவமைப்பவரின் வேலை.

இப்படி வைத்துப் பார்க்கலாம். ஐந்து பிள்ளைகள், தலைக்கு எட்டுப் புளியங்கொட்டை, ஆக நாற்பது. தரையில் சாக்கட்டியால் நாற்பது கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒன்றாக வையுங்கள். ஆரம்பத்தில் மலை என்று எதுவும் இல்லை, எல்லாம் சமதரை. ஒவ்வொருவருக்கும் ஐந்து கட்டத்தில் குறுக்கே விரிசல் கோடு இழுத்திருக்கும், மூன்றில் இருக்காது. உருட்டும் முன்பே எந்தக் கொட்டைக்காக உருட்டுகிறோம் என்று சொல்லிவிட வேண்டும். விரிசல் கட்டத்துக் கொட்டை தாயம், ஐந்து, ஆறு எது விழுந்தாலும் கழன்று ஆற்றில் இறங்கும். பதினாறில் ஐந்து வாய்ப்பு. விரிசல் இல்லாத கட்டத்துக் கொட்டைக்குத் தாயம் மட்டும்தான், பதினாறில் இரண்டு. அவ்வளவே விதி. பத்து முறை உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கும் நிலை நான்கில் ஒருவருக்கு வரும். அந்தப் பொறுமையின்மை வீணல்ல. பாறையின் பக்கத்திலிருந்து காலத்தைப் பார்ப்பது என்றால் அதுதான். அரைமணி நேரம் கழித்துத் தரையைப் பார்த்தால் விரிசல் கட்டங்கள் காலியாகி, அங்கங்கே சில கொட்டைகள் மட்டும் தனித்து நிற்கும். யாரும் அவற்றை உயர்த்தவில்லை. மற்றவை போய்விட்டன, இவை நிற்கின்றன. அதைச் சுட்டி ‘இதுதான் மலைக்கோட்டை’ என்று ஆசிரியர் சொன்னால் போதும். தாயத்தில் பெருக்கல் குறி போட்ட கட்டத்தைச் சில ஊர்களில் மலை என்பார்கள். அங்கே இருக்கும் காயை யாரும் வெட்ட முடியாது. இந்த ஆட்டத்தில் மலைக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. தாமதம் மட்டும்தான் உண்டு.

ஆற்றில் இறங்கிய கொட்டை என்ன ஆகிறது? இங்கே ஸ்ரீரங்கம் வருகிறது. அரங்கம் என்ற சொல்லுக்கே ஆற்றிடைக்குறை என்று ஒரு பொருள் உண்டு. ஆறு இரண்டாகப் பிரிந்து நடுவே விட்டுவைத்த நிலம். காவிரியில் மூன்று அரங்கங்கள் சொல்வார்கள்: ஸ்ரீரங்கப்பட்டணம், சிவசமுத்திரம், ஸ்ரீரங்கம். மூன்றும் ஆற்றின் நடுவே இருக்கும் தீவுகள். பக்தியின் வரிசை அப்படியே ஆற்றின் வரிசையாகவும் இருப்பதைப் பாடநூல் ஒரு வரி சொல்லியிருக்கலாம். முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. முப்பது கிலோமீட்டர் அளவுக்கு நடுவே நிலத்தை வைத்துக்கொண்டு ஓடுகின்றன. கீழ்முனையில் காவிரி நீர் மறுபடி கொள்ளிடத்துக்குள் சரிந்துவிடாமல் பிடித்து நிற்கிறது கல்லணை. பலகையில் இதை வரைவது எளிது: ஒரு பாதை, முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து, கல்லணையில் அருகருகே வரும். ஒற்றைப்படை விழுந்தால் காவிரி, இரட்டைப்படை விழுந்தால் கொள்ளிடம். பிரிகிற இடத்திலும் வளைவிலும் ஓட்டம் தளரும் கட்டங்கள். அங்கே நிற்கும் கொட்டை ஐந்து விழாமல் நகராது. ஐந்துதான் வெள்ளம். ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து கொட்டை சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டம் திட்டு. பின்னால் வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தங்கள் மணலால் தாங்களே ஆற்றை விலக்கிவிட்டதைப் பிள்ளைகள் அப்போது உணர்வார்கள். தீவு என்பது ஆறு கட்டிக்கொண்டே இருக்கும் ஒன்று என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பிரிவில் மனிதனின் கையும் உண்டு. அதை விட்டுவிட்டால் ஆட்டம் பொய்யாகிவிடும். கொள்ளிடம் தாழ்வானது, சரிவு அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரியின் வாய் மணல் மேடிட்டு, தண்ணீர் கொள்ளிடத்துக்கே போகத் தொடங்கியது. தஞ்சை வயல்கள் காய்ந்தன. 1836-இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டத் தொடங்கினார். காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது. கூடவே காவிரி தன் படுகையை ஆழமாக அரிக்கவும் தொடங்கியது. பிறகு 1840-களில் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்பு போட வேண்டியதாயிற்று. ஒரு பக்கம் தொட்டால் மறுபக்கம் அசையும் என்பதற்கு இது கைமேல் உதாரணம். விளையாட்டில் ஆளுக்கொரு தீக்குச்சி கொடுங்கள். விரும்பிய இடத்தில் ஆற்றின் குறுக்கே வைக்கலாம். வைத்த கிளையில் கொட்டைகள் தேங்கும், மற்றக் கிளையில் இருக்கும் கொட்டைகள் இரட்டிப்பு வேகத்தில் ஓடும். மேட்டூரில் 1934-இல் அணை எழுந்த பிறகு மேலிருந்து வந்த மணலில் ஒரு பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது என்பதும் இந்தத் தீக்குச்சியில் புரிந்துவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முக்கொம்புக் கொள்ளிடக் கதவணையின் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன, பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. ஆறு விழுந்தால் தீக்குச்சி போய்விடும் என்று ஒரு விதி வைத்தால், அந்த வாரத்துச் செய்தித்தாளை யாரும் வாசித்துக்காட்ட வேண்டியதில்லை.

கல்லணை தாண்டிக் கடல். கடலடிக் கட்டத்தில் விழுந்த கொட்டை தானாக எதுவும் செய்ய முடியாது. அதன்மேல் மற்றவர்களின் மூன்று கொட்டைகள் வந்து விழ வேண்டும். விழுந்ததும் நான்கும் சேர்ந்து படிவுப்பாறை. மேலும் நான்கு வந்தால் அடியிலிருப்பது உருமாறிய பாறை. அதன்பின் பன்னிரண்டு விழ வேண்டும், நிலம் எழ. சாத்தனூரில் கல்லாகிப் படுத்திருக்கும் மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுமார் 18 மீட்டர் நீளம். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் அறிவித்தது. இன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். கடலோரக் காட்டில் நின்ற மரம் அடித்து வரப்பட்டு, கடலடி மண்ணில் புதைந்து, கல்லாகி, நிலம் எழுந்து, மேலே மூடியிருந்தது அரிந்துபோக, பெரம்பலூர் மாவட்டத்தில் வெயில் காய்கிறது. கடல் இப்போது நூறு கிலோமீட்டர் அளவுக்குக் கிழக்கே. அந்த மரம் பன்னிரண்டு விழக் காத்திருந்தது என்று சொன்னால் ஆடிய பிள்ளைக்கு உடனே விளங்கும். எழுந்த பிறகு கொட்டை மறுபடி தரைக் கட்டத்துக்கு வரும், மறுபடி தாயத்துக்குக் காத்திருக்கும். தாயத்தில் காய் கடைசியில் பழமாகும். இங்கே பழம் இல்லை. 1788-இல் நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன் ஸ்காட்லாந்துக் கடலோரத்தில் சிக்கார் முனையில் செங்குத்தாக நிற்கும் பாறை அடுக்கின்மேல் இன்னோர் அடுக்கு சாய்ந்து கிடப்பதைக் கண்டார். ஒரு சுற்று முடிந்து அடுத்த சுற்று நடந்திருக்கிறது, இப்படி எத்தனையோ சுற்று என்பதற்கு அது அவர் கண்ட சான்று. பழம் இல்லாத ஆட்டம் அதைத்தான் சொல்கிறது. வெற்றி தோல்வி இல்லாவிட்டால் பிள்ளைகள் ஆடுவார்களா என்றால், போன இடங்களைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அதிக இடம் பார்த்த கொட்டைக்குப் பரிசு. அது போதும்.

இனி எதிர்வாதங்கள். கனமானதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டு காலத்தைத் திரித்துவிடும் என்பது அது. வெள்ளத்துக்கு ஒரு நாள் போதும், நிலம் எழ லட்சக்கணக்கில் ஆண்டுகள் ஆகும். இரண்டையும் ஒரே கட்டையால் உருட்டினால் பன்னிரண்டு என்பது ஐந்தைவிட இரண்டு மடங்கு அரிது, அவ்வளவுதான்; உண்மையிலோ கோடி மடங்கு அரிது. இந்தக் குற்றச்சாட்டு சரி. எந்த விளையாட்டும் இதிலிருந்து தப்ப முடியாது. ஆனால் பாடநூல் படமும் தப்பவில்லை. மலையும் ஆறும் கடலும் ஒரே பக்கத்தில் அம்புக்குறியோடு நிற்கும் படத்தில் காலமே கிடையாது. விளையாட்டில் காலம் குறுக்கப்பட்டிருக்கிறது. குறுக்கப்பட்டதை விரித்துக் காட்டலாம். ஆட்டம் முடிந்ததும் ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். மொட்டைப் பாறைக் குன்றுகள் பத்து லட்சம் ஆண்டுக்குச் சில மீட்டர் என்ற அளவில் தேய்வதை உலகின் பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மகேந்திரவர்மன் மலைக்கோட்டையில் குடைவரை வெட்டி 1,400 ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் காலத்தில் திறந்த மலையுச்சி தேய்ந்திருப்பது ஏழு மில்லிமீட்டர். சுண்டுவிரல் அகலம்கூட இல்லை. பல்லவர், பாண்டியர், சோழர், நாயக்கர், வெள்ளைக்காரர் எல்லோரும் ஏழு மில்லிமீட்டருக்குள். அதே வேகத்தில் 83 மீட்டரும் கரைய ஒரு கோடியே 66 லட்சம் ஆண்டு ஆகும். எட்டாம் வகுப்புக் கணக்குதான். தாயத்துக்காகக் காத்திருந்து கை வலித்த பிள்ளைக்கு அந்த எண் உறைக்கும். ஆடாத பிள்ளைக்கு அது இன்னோர் எண்.

எண்களைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலைக்கோட்டைக்கு 380 கோடி வயது, கிரீன்லாந்துப் பாறைக்கு நிகர், இமயமலையைவிட மூத்தது என்று இணையத்தில் எங்கும் எழுதுகிறார்கள், பள்ளிகளிலும் சொல்கிறார்கள். தென்னிந்தியாவின் இந்தப் பகுதிப் பாறைகளில் ஜிர்கான் மணிகளைக் கொண்டு நிலவியலாளர்கள் அளந்த வயதுகள் பெரும்பாலும் 250 கோடி ஆண்டை ஒட்டியும் 55 கோடி ஆண்டை ஒட்டியும் வருகின்றன. அதுவே இமயமலையைவிடப் பன்மடங்கு மூப்பு; மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை. அதோடு பாறையின் வயதும் மலையின் வயதும் ஒன்றல்ல. பாறை ஆழத்தில் உருவான காலம் ஒன்று. அது குன்றாக எஞ்சி நின்ற காலம் வேறு, மிகப் பிந்தியது. பெருமைக்காக ஒரு பெரிய எண்ணைப் பிள்ளையிடம் கொடுத்தால் இந்த வேறுபாட்டைக் கேட்கும் வாய்ப்பே அதற்கு இல்லாமல் போகிறது. புளியங்கொட்டை ஆட்டத்தில் இந்த வேறுபாடு தரையிலேயே தெரியும்: கொட்டை ஆட்டத்துக்கு முன்பே இருந்தது, மலை ஆட்டத்தின் முடிவில்தான் வந்தது.

அடுத்தது, எல்லாம் அதிர்ஷ்டம் என்று பிள்ளை நினைத்துவிடாதா என்பது. விரிசல் கட்டம் அதற்காகத்தான். அதிர்ஷ்டம் ஒரு கொட்டைக்கு. நாற்பதுக்கும் சேர்த்துப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். நான்கு குழு ஆடினால் நான்கிலும் விரிசல் கட்டங்கள்தான் முதலில் காலியாகும். தனி மணல்துகள் எங்கே போகும் என்று எந்த நிலவியலாளராலும் சொல்ல முடியாது, ஆற்று மணல் எங்கே சேரும் என்று சொல்ல முடியும். தாயக்கட்டை சூதாட்டமாயிற்றே என்று முகம் சுளிப்பவர்களுக்குச் சொல்ல அதிகமில்லை. வைகுண்ட ஏகாதசி அன்று உருட்டியது பள்ளியில் மட்டும் எப்படித் தவறாகும்?

பாடத்திட்டத்தை முடிக்கவே நேரமில்லை என்ற வாதம் ஆசிரியர்களுடையது. அதில் நியாயம் இருக்கிறது, அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஆனால் தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில் அட்டைகளும் ஏணிப்படியும்தான் பாடத்தின் முதுகெலும்பாக இருந்தன. சில ஆண்டுகளில் அது மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் முழுவதற்கும் போனது. தொடக்கப் பள்ளியில் ஏற்றுக்கொண்டதை உயர்நிலைப் பள்ளிக்கு வந்ததும் கைவிட்டுவிட்டோம். நான் கேட்பது ஒரு பாடவேளை, நாற்பது நிமிடம். ஐந்து பேர் குழுவில் தலைக்கு நாற்பது, ஐம்பது முறை உருட்டலாம். இரண்டு பாடங்களின் சொற்கள் அத்தனையும் அதற்குள் பிள்ளைகளின் கையில் புழங்கிவிடும். பிறகு பாடநூலைத் திறந்தால் அரித்தல், படிதல் என்பவை ஏற்கெனவே செய்த வேலைகளின் பெயர்களாக இருக்கும். பேரைச் சொல்லிப் பொருளை விளக்குவதைவிடப் பொருளைக் காட்டிப் பேரைச் சொல்வது சுருக்கு வழி.

நேரே அழைத்துப் போய்க் காட்டுவதல்லவா சிறந்தது? ஆம், சந்தேகமில்லை. காரையின் செம்மண் பிளவுகளில் ஒரு மணி நேரம் நடப்பதற்கு எந்தப் பலகையும் ஈடாகாது. ஆனால் களத்தில் தெரிவது ஒரு கணம். பாறை அசையாது, ஆறு அன்றைக்கு வறண்டு கிடக்கலாம். என்ன நடந்தது என்ற ஓட்டம் மனத்தில் இல்லாமல் போகிற பிள்ளைக்கு அது வெயிலும் சிற்றுண்டியும் சேர்ந்த சுற்றுலா. ஆடிவிட்டுப் போனால் முக்கொம்புப் பாலத்தில் நின்று மணல் திட்டைப் பார்த்து ‘இங்கே யாரோ மாட்டிக்கொண்டார்கள்’ என்று சொல்லத் தோன்றும். ஆட்டம் முதலில், பயணம் பிறகு.

திருச்சியில் நிலவியல் கற்பிக்கும் தேசியக் கல்லூரி இருக்கிறது, பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் தொலை உணர்வுத் துறை இருக்கிறது, அண்ணா அறிவியல் மையத்தில் கோளரங்கம் இருக்கிறது. இவர்களில் யாராவது பள்ளி ஆசிரியர்கள் நான்கு பேரை உட்கார வைத்துக்கொண்டு, எந்த எண்ணுக்கு எந்த நிகழ்வு என்பதைச் சரிபார்த்து, விதிகளை ஒரே தாளில் தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் ஒரு மாவட்டத்துக்குப் போதும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். இதைப் படிக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பாறைக்கோளம் பாடம் தொடங்கும் முன் ஒரு நாள், ஒரு ஜோடித் தாயக்கட்டையும் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையும் எடுத்துப் போங்கள். விதிகளில் ஓட்டை இருந்தால் பிள்ளைகளையே திருத்தச் சொல்லுங்கள். எந்த விதி ஆற்றுக்குப் பொருந்தவில்லை என்று அவர்கள் வாதாடத் தொடங்கினால், அதைக் குறித்துவைத்து இங்கே எழுதி அனுப்புங்கள்.